பதினாலு இடத்தில் நின்ற சக்கரம்

வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நெருங்க நெருங்கக் கேப்டனுக்குக் கை பரபரவென்று வரும். மற்றவர்கள் அந்த வாரத்தில் வீடு ஒழிப்பார்கள், பழைய காலண்டரைக் கழற்றுவார்கள், இந்த வருஷமும் ஒன்றும் கிழிக்கவில்லையே என்று கொஞ்ச நேரம் வருத்தப்பட்டுவிட்டுத் தூங்கப் போவார்கள். அவன் மட்டும் அடுத்தவர்களுக்கான வருத்தத்தை உட்கார்ந்து தயாரிப்பான்.

கேப்டன் என்பது யாரும் கொடுத்த பட்டமில்லை. ஐந்தே ஐந்து பேர் சேர்ந்து ஞாயிறு காலையில் சைக்கிள் மிதிக்கிறார்கள். அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு நீலச் சட்டை, சட்டையைப் போட்டுக்கொள்ள ஒரு சட்டதிட்டம். எல்லாம் அவன் செய்த ஏற்பாடு, பட்டம் உட்பட. பிழைப்புக்கு அவன் வண்டி இன்சூரன்ஸில் சர்வேயர். விபத்தில் நசுங்கிய வண்டியைச் சுற்றி வந்து, இது நேற்று இடித்ததா, இல்லை போன மாதம் இடித்ததை நேற்று இடித்ததாகச் சொல்கிறார்களா என்று மோப்பம் பிடிக்கிற வேலை. நகத்தால் பெயிண்டைச் சுரண்டிப் பார்த்தே பொய்யைப் பிடித்துவிடுவான். ஊரில் உள்ளவனெல்லாம் புளுகன் என்று நிரூபிக்கப் பதினெட்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறவனுக்கு, சொந்தக்காரன் மட்டும் யோக்கியனாகத் தெரிவானா என்ன.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஜனவரி முதல் ஞாயிறு ஆளுக்கு ஓர் அட்டையில் இரண்டு வரி எழுத வேண்டும். முதல் வரி, இந்த வருஷம் எத்தனை கிலோமீட்டர். இரண்டாவது வரி, சைக்கிளைத் தவிர வேறு எதில் தேறப் போகிறோம் என்பது. டிசம்பர் கடைசி ஞாயிறு, வழக்கமாகப் போகிற சைக்கிள் கடையின் மாடி அறையில் அந்த அட்டைகள் வெளியே வரும். ஒவ்வொருவராக நடுவில் கிடக்கும் முக்காலியில் உட்கார வேண்டும். உட்காருகிறவர் தலையில், உச்சியில் விரிசல் விட்ட ஒரு பழைய ஹெல்மெட். வார்த்தை விழும், மண்டை பத்திரம் என்று முதல் வருஷம் சொன்ன வேடிக்கை அது. இரண்டாம் வருஷம் அதுவே விதியாகிவிட்டது. மற்ற நாலு பேரும் மனசில் இருப்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும், சொல்லி முடித்ததும் மேஜை மேலிருக்கும் சைக்கிள் மணியை அடிக்க வேண்டும். ஹெல்மெட் போட்டவர் பதில் பேசக் கூடாது. கடைசியில் ஒரே ஒரு வார்த்தை சொல்லலாம். அந்த வார்த்தை 'சரி'.

இதற்கு மனம் திறந்த பேச்சு என்று பேர் வைத்திருந்தான் கேப்டன். அங்கே திறந்திருந்தது மனமா வாயா என்று கேட்க ஆளில்லை.

இன்னொரு விதியும் இருந்தது. மூன்று வருஷம் தொடர்ந்து இலக்கைத் தவறவிட்டவர் அங்கேயே, அப்போதே, நீலச் சட்டையைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். ஆறு வருஷத்தில் அந்த விதிக்கு வேலை வந்ததில்லை. இந்த வருஷம் வரும் என்று கேப்டன் வெகுவாக நம்பியிருந்தான். ஏற்கனவே இரண்டு வருஷம் தவறியிருந்தவர் பல்செட்டு.

பல்செட்டு என்றால் அந்த மனிதர் ஒன்றும் பொக்கைவாய் இல்லை. பல் லேபில் செயற்கைப் பல் வார்க்கிறவர். வாரம் ஆறு நாளும் ஜன்னல் இல்லாத ஓர் அறையில், முகமெல்லாம் பிளாஸ்டர் தூளோடு, யாரோ ஒருவரின் தாடை அச்சைக் கையில் வைத்துக் குனிந்தே கிடப்பார். ஐம்பத்தைந்து வயது. ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டரை மணி நேரம்தான் அவர் தலையை நிமிர்த்துகிற நேரம். நீலச் சட்டையை மெஷினில் போடமாட்டார். கையால் அலசி, நிழலில் காயவைத்து, சனிக்கிழமை இரவே கதவுக்குப் பின்னால் மாட்டி வைப்பார். சின்னப் பிள்ளைத்தனம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போங்கள், அந்த மனிதருக்கு வேறு எதுவும் கிடையாது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவர் கேப்டனுடைய அக்கா வீட்டுக்காரர்.

கேப்டனுக்கு அவர்மேல் பகையெல்லாம் இல்லை. மேட்டில் மெதுவாக ஏறுகிறார், அவ்வளவுதான். அவருக்காகக் காத்து நின்று சங்கத்தின் சராசரி வேகம் இருபத்து நாலைத் தாண்டவில்லை. அவர் இல்லாவிட்டால் இருபத்தேழு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அக்கா புருஷன் என்பவர் மணிக்கு மூன்று கிலோமீட்டர் நஷ்டம்.

அக்கா மார்ச் மாதம் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை முடிந்து நாலு மாதம் படுக்கை. கேப்டன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இல்லை. ஒரு ஞாயிறு ரைடு முடிந்த கையோடு போய், ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் பத்து நிமிஷம் நின்றுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு போனில் விசாரித்தான். அக்கா வீடு ஒன்றும் தேசாந்திரத்தில் இல்லை, இதே ஊர்தான். ஆனால் போகிற வழியில் ஏழு சிக்னல். சைக்கிளில் போனால் ஏழு சிக்னலிலும் நின்று நின்று அன்றைய வேகம் நாசமாகும். காரில் போனால் கிலோமீட்டர் ஏறாது. பத்தாயிரம் என்று அட்டையில் எழுதிவிட்டவனுக்கு இதெல்லாம் பெரிய கவலை. அடுத்த வாரம் போகலாம், அடுத்த வாரம் போகலாம் என்றே வருஷம் ஓடிவிட்டது.

டிசம்பர் கடைசி வாரம் கேப்டன் நாலு பேருடைய பதிவுகளையும் செல்போனில் திறந்து உட்கார்ந்தான். சக்கரத்தில் ஒரு சின்னப் பொத்தான் கட்டியிருப்பார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற அது தூரத்தை எண்ணிச் சங்கத்துப் பட்டியலில் ஏற்றிவிடும். பல்செட்டுவின் இலக்கு நாலாயிரம். பட்டியல் நாலாயிரத்து இருபத்தொன்று என்றது. கேப்டனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனைவி படுக்கையில் கிடந்த வருஷத்தில், மேட்டில் மூச்சு வாங்குகிற இந்த மனிதர் எப்படித் தேறினார்?

சுரண்டினான். இரண்டு மணி நேரத்தில் அகப்பட்டது. மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். எல்லாம் சாயங்காலம் ஆறரைக்கு. எல்லாம் பன்னிரண்டு புள்ளி நாலு கிலோமீட்டர், ஒரு நாள் கூட முன்னே பின்னே இல்லை. வரைபடத்தில் பார்த்தால் தெருவே கிடையாது, வண்டி வீட்டை விட்டு நகரவேயில்லை. ஆனால் சக்கரம் மட்டும் சுற்றியிருக்கிறது. சுற்றி, நின்று, சுற்றி, நின்று, ஒவ்வொரு நாளும் பதினாலு இடத்தில் நின்றிருக்கிறது.

பதினெட்டு வருஷ அனுபவம் சும்மா இருக்குமா. பல்லுக்கு மெருகேற்ற ஒரு மோட்டார் உண்டு, பல்செட்டு வீட்டிலும் ஒன்று வைத்திருக்கிறார் என்பது கேப்டனுக்குத் தெரியும். சக்கரத்தைத் தூக்கி அந்த மோட்டாரில் மாட்டிவிட்டிருக்கிறார். மோட்டார் சூடாகச் சூடாக நிறுத்தி, ஆறவிட்டு, மறுபடி ஓடவிட்டிருக்கிறார். பதினாலு தடவை நின்றதற்கு வேறென்ன காரணம் இருக்க முடியும். கேப்டன் அன்றைக்கு இரண்டு தட்டு சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாடி அறையில் ஐந்து பேரும் கூடினார்கள். ரப்பர் வாசனையும் கீழே யாரோ பஞ்சர் ஒட்டுகிற சத்தமும் மாடிப்படி வழியாக ஏறி வந்துகொண்டிருந்தன. வழக்கம்போலக் கேப்டன்தான் முதலில் முக்காலியில் உட்கார்ந்தான். தலைவன் முதலில் அடி வாங்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அடிக்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை என்பதால் கொள்கைக்கு ஆபத்தில்லை. ஐவரில் ஒருவரான வக்கீல் அவனுடைய அட்டையை எடுத்துப் படித்தார். பத்தாயிரம் கிலோமீட்டர். முடித்தது பத்தாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு. இரண்டாவது வரி, அடுத்தவர் சொல்வதைத் திறந்த மனதோடு கேட்பது.

"ரெண்டுமே தேறிட்டீங்க," என்றார் வக்கீல். "ஒரே குறைதான். எங்களுக்காக ரொம்ப ஒடம்ப வருத்திக்கிறீங்க." மணி அடித்தது.

பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார், கேப்டன் இன்னும் கொஞ்சம் கண்டிப்பாக இருக்கலாம் என்றார். மருந்துக்கடை நடத்துகிற அம்மாள், எல்லாருடைய பிறந்த நாளையும் கேப்டன் ஞாபகம் வைத்திருப்பதைப் பாராட்டினார். பல்செட்டு மட்டும் மணிமேல் விரலை வைத்தபடி கேப்டனை நேராகப் பார்த்தார்.

"மாப்ள நேர் ரோட்ல ரொம்ப நல்லா ஓட்டுறாரு," என்றார். "சிக்னல் இருக்கற பக்கமும் ஒரு தடவ வந்து பாக்கலாம்."

மணி மெல்ல அடித்தது. கேப்டன் 'சரி' என்றான். ஹெல்மெட்டுக்குள் காது சிவந்தது. இத்தனை பேர் முன்னால், இந்த மனுஷன், ஓட்டத் தெரியாது என்று சொல்லிவிட்டார் என்றே அவனுக்குப் பட்டது. கொஞ்சநஞ்சம் இருந்த ஈரமும் அதோடு காய்ந்தது.

வக்கீல், டிரில் வாத்தியார், மருந்துக்கடை அம்மாள் மூவரும் உட்கார்ந்து எழுந்தார்கள். வாத்தியாருக்குத் தொப்பையைப் பற்றி விழுந்தது. மருந்துக்கடை அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு 'சரி' என்றார். கடைசியாகப் பல்செட்டு உட்கார்ந்தார். அலசிய, மடிப்புக் கலையாத நீலச் சட்டை. விரிசல் ஹெல்மெட்டைத் தானே எடுத்து மாட்டி, தாடைக்குக் கீழே பட்டையைப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் ஒரு சின்ன சந்தோஷம் இருந்தது. இரண்டு வருஷம் தவறிவிட்டு மூன்றாவது வருஷம் தேறினவனுடைய சந்தோஷம். கேப்டன் அதை நன்றாகப் பார்த்துக்கொண்டான்.

அட்டையை அவனே படித்தான். "நாலாயிரம் கிலோமீட்டர். ரெண்டாவது, இந்தக் கூட்டத்துல ஒரு தடவையாவது எனக்காக வாயத் தொறந்து பேசுறது." நிறுத்தி எல்லாரையும் பார்த்தான். "மொதல்ல நானே ஆரம்பிக்கிறேன். மாமா, நீங்க குடும்பம். அதனாலதான் மனசத் தொறந்து சொல்றேன். குடும்பத்துக்காரங்க தப்பு செஞ்சா மூடி மறைக்கிற ஆள் நான் இல்ல."

செல்போனை மேஜையில் வைத்து நூற்றுப் பன்னிரண்டு பதிவுகளையும் காட்டினான். நிதானமாக, அலுவலகத்தில் ரிப்போர்ட் படிக்கிற மாதிரி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னான். தெரு இல்லை. மேடு பள்ளம் இல்லை. தினமும் அதே பன்னிரண்டு புள்ளி நாலு.

"மனுஷன் ஓட்டினா ஒரு நாள் பதிமூணு வரும், ஒரு நாள் பதினொண்ணு வரும். மெஷின் ஓட்டினாதான் இப்படி வரும். பல்லுக்குப் பாலிஷ் போடற மோட்டார்ல சக்கரத்த மாட்டி விட்டுட்டு மாமா காப்பி குடிச்சிருக்காரு. நடுவுல பதினாலு தடவ நிக்குது பாருங்க. மோட்டாருக்கு மூச்சு வாங்குது, பாவம். இவருக்கு மேட்டுல வாங்கற மாதிரி."

டிரில் வாத்தியார் முதலில் சிரித்தார். பிறகு வக்கீல். சிரிப்பு என்பது அந்த அறையில் எப்போதும் நாலு பேருக்குச் சொந்தமானது, ஐந்தாவது ஆள் ஹெல்மெட்டுக்குள் இருப்பார்.

மருந்துக்கடை அம்மாளுக்கு மட்டும் என்னவோ பொறுக்கவில்லை. "ஒருவேள வீட்லயே ஸ்டாண்டு போட்டு மிதிச்சிருப்பாரோ," என்றார். "எங்க கடைக்கு வர்ற ஒருத்தர் அப்படித்தான் பண்றாரு. பின் சக்கரம் தரையில படாம தூக்கி வச்சு, மேல ஒக்காந்து மிதிக்கிறது. அதுக்கும் தூரம் ஏறுமாம்."

"ஏறும் மேடம். அப்படி கால் வலிக்க மிதிச்சிருந்தா அது ஞாயமான கிலோமீட்டர்தான், நானே எந்திரிச்சு கை குடுத்திருப்பேன்." கேப்டன் சிரித்தான். "ஆனா ஸ்டாண்டுல மிதிக்கிறவன் எதுக்குப் பதினாலு தடவ நிக்கணும்? வீட்டுக்குள்ள என்ன, சிக்னலா வச்சிருக்காங்க?"

அறை குலுங்கியது. மருந்துக்கடை அம்மாளும் சிரித்துவிட்டார்.

"அவரையே ஒரு வார்த்த கேட்ருவோமே," என்றார் அவர், சிரித்ததற்கு வெட்கப்பட்டவர் போல.

"ஹெல்மெட் போட்டவங்க பேசக் கூடாது மேடம். எனக்கு ஒரு ரூல், மாமாவுக்கு ஒரு ரூலா? எங்க அக்கா படுத்த படுக்கையா கெடந்தா. அத சாக்கு சொல்லி இந்த வருஷம் முடியலன்னு கைய விரிச்சிருந்தா கூட நான் மதிச்சிருப்பேன். கட்டின பொண்டாட்டி உள்ள வலியில மொனகிட்டு இருக்கறப்ப, பக்கத்து ரூம்ல மோட்டார ஓடவிட்டு நம்மள ஏமாத்திருக்காரு. எனக்கு அதுதான் தாங்கல."

அவன் மணியை அடித்தான். வக்கீல் இரண்டு வரி சொல்லி அடித்தார். வாத்தியார், இதை மாணவர்களுக்குச் சொல்லலாம் என்று சொல்லி அடித்தார். மருந்துக்கடை அம்மாள் ஒன்றும் சொல்லாமல் அடித்தார்.

பல்செட்டு முக்காலியில் கைகளைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார். வாய் ஒரு தடவை திறந்தது. எல்லாரும் பார்த்தார்கள். எதையோ சொல்ல வந்து, யாரையோ நினைத்துக்கொண்ட மாதிரி, மூடிக்கொண்டது.

"சரி," என்றார்.

"ரெண்டாவது வரியும் தேறல," என்றான் கேப்டன்.

நீலச் சட்டைக்கு மூன்று பொத்தான். மூன்றையும் அவர் அவசரப்படாமல் கழற்றினார். உள்ளே பனியன், அதில் தோளோரம் ஒரு கிழிசல். சட்டையை மடித்து மேஜைமேல் வைத்து, ஹெல்மெட்டைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். பையிலிருந்து ஒரு சாதாரணச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, லேபில் ஒரு பல்செட்டு பாக்கி இருக்கிறது, இரண்டு மணிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும் என்று பொதுவாக யாரிடமோ சொல்லிவிட்டுப் படியிறங்கினார். அவருடைய சைக்கிள் நகர்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் காப்பி வந்தது.

கேப்டன் வீட்டுக்கு வந்து மாமாவின் நீலச் சட்டையை அலமாரியில் போட்டான். அது போதாதா என்றால், போதவில்லை. இவ்வளவு அருமையாக ஒரு பொய்யைப் பிடித்திருக்கிறான், அக்காவுக்குத் தெரிய வேண்டாமா? மாமா போய் வேறு மாதிரி திரித்துச் சொல்லிவிட்டால்? அக்காவிடமும் மனம் திறந்து பேசிவிடுவதுதான் முறை என்று தோன்றியது. மாமா வர இரண்டு மணி ஆகும். பன்னிரண்டு மணிக்குச் சைக்கிளை எடுத்தான். ஒரு கிலோமீட்டரைக் கூட வீணாக்காத மனுஷன், பதிவை ஓடவிட்டுத்தான் கிளம்பினான்.

முதல் சிக்னலில் சிவப்பு. இரண்டாவதில் சிவப்பு. மூன்றாவதில் ஒரு லாரிக்குப் பின்னால் நின்று புகையை விழுங்கினான். பாலம் ஏறி இறங்கியதும் நாலாவது. இந்தச் சனியன் பிடித்த ரோட்டில் மனுஷன் ஓட்டுவானா என்று திட்டிக்கொண்டே ஐந்து, ஆறு, ஏழு. அக்கா வீட்டு வாசலில் இறங்கியபோது மீட்டர் ஆறு புள்ளி இரண்டு காட்டியது. எண் கண்ணில் பட்டது, மனசில் படவில்லை. அக்காவிடம் எப்படி ஆரம்பிப்பது என்ற யோசனையில் இருந்தான். அக்கா, ஒன்ன வருத்தப்பட வைக்கணும்னு சொல்லல. அது நன்றாக இருந்தது.

கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சைக்கிளை வராந்தாவில் உருட்டி ஏற்றினான். சக்கரம் டிக் டிக் என்று சத்தம் போட்டது.

"வந்துட்டீங்களா?" உள்ளே சமையலறையிலிருந்து அக்காவின் குரல். "ரெண்டு மணி ஆகும்னீங்க."

"ம்," என்றான், வாய்தவறி. தான் யார் என்று சொல்லத் தொண்டையைச் செருமினான். அதற்குள் கண் வேறு எதிலோ போய் நின்றது.

முன்னறையில், அக்கா படுத்துக் கிடந்த கட்டிலுக்கு ஒரு கை தூரத்தில், இரும்பில் ஒரு ஸ்டாண்டு இருந்தது. பழைய கட்டில் சட்டத்தை அறுத்து, பற்றவைத்து, கையால் செய்தது. பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்துகிற அளவுக்கு உயரம். அருகே மோட்டார் இல்லை, மோட்டார் இருந்த தடமும் இல்லை. பின்னால் சுவரில் டயர் ரப்பர் தேய்ந்து தெறித்த கறுப்புப் பொடி. கீழே சிமெண்டுத் தரையில், ஆள் உட்கார்ந்து குனிகிற இடத்துக்கு நேர் கீழே, சொட்டுச் சொட்டாக வெள்ளை பூத்த உப்புக் கறை. நாலு மாதம் சொட்டி, துடைத்து, மறுபடி சொட்டி, துடைத்தும் போகாமல் தங்கின கறை. சர்வேயர் கண் அதை ஒரே பார்வையில் படித்துவிட்டது. மோட்டாருக்கு வியர்க்காது.

"காலையில இருந்து எனக்கு இருப்பே கொள்ளல," என்றாள் அக்கா. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து எதையோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பிடித்து நடக்கிற வாக்கரின் கால் இரண்டு திரைக்குக் கீழே தெரிந்தன. "பாஸ்தானே? பாஸாகாம எங்க போகும். நாலாயிரத்து இருவத்தொண்ணு, நான்தானே எண்ணினேன். யாரும் நோண்டிக் கேக்கலையே? தம்பி கேட்டானா? அவன் கண்ணு சும்மா இருக்காதுங்க. பதினாலு எடத்துல நிக்குதேன்னு எனக்கு ஒரே பயம்."

கேப்டன் குனிந்து அந்த உப்புக் கறையை நகத்தால் சுரண்டினான். ஒன்றும் வரவில்லை.

"ஸ்டாண்டுல ஓட்டுறதுக்கு சிக்னல்ல எதுக்கு நிக்கணும்னு நான் அப்பவே சொன்னேன். நீங்க கேட்டாதானே. ஒன் தம்பி வீட்டுக்குப் போகணும்னா ஏழு சிக்னல் தாண்டித்தான் போகணும், போறத ஒழுங்கா போவோம்னு பிடிவாதம். போறப்ப ஏழு, வர்றப்ப ஏழு. வலியில கெடந்தப்ப நான் ஏதோ கிறுக்கச்சி மாதிரி கேட்டேன், அவன் வரலன்னா என்னங்க, நாம போயிட்டு வருவோம்னு. அத போயி நெசமாக்கி, ரோட்ட அளந்துட்டு வந்து, தெனமும் வேல முடிஞ்சு வந்து ஏறி ஒக்காந்துக்கிட்டு, இப்ப பாலம் ஏறியாச்சு, இப்ப அஞ்சாவது சிக்னல், பச்ச விழுந்துருச்சுன்னு... அந்த ஒரு மணி நேரம் எனக்கு வலியே தெரியாது. கடைசியில மட்டும் கோவம் வரும். ஒரு நாளாவது உள்ள போனீங்களா? கதவு பூட்டியிருக்கு, ஆள் இல்லன்னே சொல்லித் திரும்பிருவீங்க. நூத்திப் பன்னெண்டு நாளும் கதவு பூட்டியே இருந்துச்சு."

அவள் சிரித்தாள். கத்தி பலகையில் படுகிற சத்தம் மறுபடி தொடங்கியது.

"அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் தலமேல சத்தியம் பண்ணியிருக்கீங்க. யார் என்ன கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சா நொறுங்கிப் போயிடுவான். வரக் கூடாதுன்னு இல்லங்க, அவனுக்கு வேல ஜாஸ்தி. சரிதானே?"

கேப்டன் தலையில் ஹெல்மெட் இருந்தது. தாடைக்குக் கீழே பட்டை இறுகியிருந்தது. திரைக்கும் அவனுக்கும் நடுவே ஐந்தடி. விலக்கினால் அக்கா முகம். விலக்கியிருக்கலாம். ஒரு சின்னக் குழந்தைக்குக் கூட அதைச் செய்யத் தெரிந்திருக்கும்.

"சரி," என்றான்.

கத்திச் சத்தம் நின்றது. "என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு?"

அதற்குள் அவன் வராந்தாவில் இருந்தான். சக்கரம் சத்தம் போடாமலிருக்கச் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசல் தாண்டி, நாலு வீடு தள்ளி அப்படியே நடந்து, பிறகுதான் ஏறினான். திரும்பும்போதும் ஏழு சிக்னலும் சிவப்பு. ஏழிலும் நின்றான். ஆறாவதில் பச்சை விழுந்தது கூடத் தெரியாமல் நின்று, பின்னாலிருந்த பஸ் டிரைவரிடம் திட்டு வாங்கினான்.

வீட்டில் வந்து செல்போனை எடுத்தபோது பதிவு தானாகவே வந்து நின்றது. பன்னிரண்டு புள்ளி நாலு கிலோமீட்டர். அக்கா வீட்டு வாசலைக் கழித்தால், நின்ற இடங்கள் பதினாலு. கீழே இரண்டே கேள்வி, வைத்துக்கொள்ளவா, அழிக்கவா. வருஷம் முழுக்க ஒரு கிலோமீட்டரைக் கூட அழிக்காதவன் அதை அழித்தான்.

சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் ஒரே கும்மாளமாக இருந்தது. டிரில் வாத்தியார், சைக்கிளில் மோட்டார் கட்டிய படம் ஒன்றைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். வக்கீல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருந்தார். கேப்டன் தட்டெழுத ஆரம்பித்தான். 'மாமா விஷயத்தில் ஒரு திருத்தம்.' அதுவரை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தான். இதை அனுப்பினால் வக்கீல் கேட்பார், எப்படித் தெரிந்தது என்று. மருந்துக்கடை அம்மாள் கேட்பார், வீட்டுக்குள் என்ன சிக்னலா வைத்திருந்தார்கள் என்று. வைத்திருந்தார்கள் என்று சொல்ல வேண்டும். யாருக்காக என்று சொல்ல வேண்டும். யார் வீட்டுக் கதவு என்று சொல்ல வேண்டும். அவன் ஒவ்வோர் எழுத்தாகப் பின்னுக்கு அழித்தான். அந்த மனிதரைப் பேசவிடாமல் அடைத்த சத்தியம் தன்னையும் காப்பாற்றும் என்று தெரிந்தபோது அவனுக்கு வந்தது வெட்கம் இல்லை, கொஞ்சம் நிம்மதி. அதைத்தான் அவனாலேயே பொறுக்க முடியவில்லை. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான்.

அலமாரியில் நீலச் சட்டை மடித்தபடி இருந்தது. அலமாரியைச் சாத்திவிட்டு வந்து வேறொன்று எழுதினான்.

'அடுத்த ஞாயிறு காலை ஐந்தரை மணி. புது அட்டை, புது இலக்கு. நாலு பேரும் நேரத்துக்கு வந்துவிடவும்.'

அனுப்பினான். வக்கீலின் கட்டைவிரல் வந்தது. வாத்தியாரின் கட்டைவிரல் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மருந்துக்கடை அம்மாளுடையதும் வந்தது. மணி இரண்டடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்னொரு பதில் வந்தது. லேபிலிருந்து, வேலை முடிந்து கை கழுவிவிட்டு, செய்தியை முழுதாகப் படித்த பிறகு அனுப்பியிருப்பார். ஒரே வார்த்தை.

'சரி.'

மாமாவை இன்னும் குழுவிலிருந்து எடுக்கவில்லை என்பது கேப்டனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடுத்தான்.